கத்தரிப்பூ நாடா

மட்டாஞ்சேரியில் நான் உள்பாவாடை தைத்துப் பிழைத்தவள். இதைச் சொன்னால் இன்றைக்கும் சிலர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறார்கள். திருப்பிக்கொள்ளட்டும். தையல் வேலை செய்தேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனால் என்ன என்று என் மகளே கேட்டிருக்கிறாள். நான் தைத்தது உள்பாவாடை மட்டும்தான். வேறு துணி கொண்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். பிறகு எதற்குப் பொதுவாகச் சொல்ல வேண்டும்?

ஆரம்பத்தில் நானும் எல்லாம் தைத்துப் பார்த்தவள்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தேன். அவருக்குக் கொச்சி கார்ப்பரேஷனில் சாக்கடை ஓடை வாரும் பிரிவில் வேலை. பஜார் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வாடகை வீடு. முன்அறையின் கதவைத் திறந்தால் நேராகத் தெரு. சுக்கு மூட்டையும் மிளகு மூட்டையும் ஏற்றிய கைவண்டிகள் கதவை உரசிக்கொண்டு போகும். அந்த அறையில் என் பிறந்த வீட்டுத் தையல் மெஷினைப் போட்டு உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அந்த ஊரில் எல்லா இடமும் ஏற்கெனவே பிடிக்கப்பட்டிருந்தது. கொங்கணிப் பெண்களின் ரவிக்கைக்குக் கோயில் பக்கத்தில் ஒருவர் இருந்தார். கிறிஸ்தவர்களின் கல்யாண கவுனுக்கு மாதா கோயில் முக்கில் ஒரு அம்மாள். குஜராத்திகளுக்கு அவர்கள் ஆள் தனி. முஸ்லிம் வீடுகளுக்கு வீட்டுக்கே போய்த் துணி வாங்கி வரும் ஒரு கிழவர். பரம்பரை பரம்பரையாக அவரவர் தையல்காரரை விட்டு யாரும் நகர மாட்டார்கள். எனக்கு வந்ததெல்லாம் தலையணை உறை, கிழிந்த கால்சட்டை, அறுந்த பள்ளிக்கூடப் பையின் வார். தமிழச்சி, தெரியாத ஆள், இவளிடம் நல்ல துணியைக் கொடுத்தால் கெடுத்துவிடுவாள் என்று நினைத்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஊரில் இருக்கும்போது என் கைத்தையலுக்குக் காத்திருந்து வாங்கிப் போனவர்கள் உண்டு.

அடுத்த சந்தில் ஒரு சேச்சி இருந்தார். அவர் புருஷன் துபாயில். அந்த நாட்களில் வளைகுடாவிலிருந்து வரும் ஆண்கள் மறக்காமல் கொண்டு வருவது பெண்டாட்டிக்கு ஒரு வெளிநாட்டுச் சேலை. வழுவழுவென்று, கண்ணாடி மாதிரி இருக்கும். அதை உடுத்திக்கொண்டு சேச்சி ஒருநாள் என் வாசலைக் கடந்து போனார். உள்பாவாடை கணுக்காலுக்கு வெகு மேலேயே முடிந்துவிட்டது. அதற்குக் கீழே வெயிலில் கால் முழுக்கத் தெரிந்தது. எனக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை. கூப்பிட்டு உள்ளே உட்காரவைத்து, இந்தப் பாவாடையை யார் தைத்தது, எந்த அளவுக்குத் தைத்தது என்று கேட்டேன்.

அப்போதுதான் அந்த ஊர் வழக்கம் எனக்குப் பிடிபட்டது. ஆண் தையல்காரரிடம் நின்று இடுப்பளவு கொடுக்கப் பெண்களுக்குக் கூச்சம். அதனால் பழைய உள்பாவாடை ஒன்றை நியூஸ் பேப்பரில் சுருட்டி, யாரிடமாவது கொடுத்தனுப்புவார்கள். அவரும் பிரித்து நன்றாகப் பார்க்காமல், அதே நீளத்துக்குப் புதிய துணியை வெட்டித் தைத்து, அதே பேப்பரில் சுருட்டித் திருப்பி அனுப்புவார். அந்தப் பழைய பாவாடை ஏற்கெனவே துவைத்துச் சுருங்கியது. புதியதும் துவைத்தால் சுருங்கும். அடுத்த தடவை அதுவே அளவுக்குப் போகும். இப்படி ஒவ்வொரு பாவாடையும் முந்தியதைவிடக் குட்டையாகிக்கொண்டே போயிருக்கிறது. நூல் சேலைக்குள் இருக்கிறவரை யாருக்கும் தெரியவில்லை. வெளிநாட்டுச் சேலை வந்ததும் ஊர் முழுக்கக் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

நான் சேச்சியைத் திரைக்குப் பின்னால் நிற்கவைத்து டேப் பிடித்து அளந்தேன். பாப்ளின் துணியை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, இஸ்திரி போட்டு, சுருங்கவேண்டியதெல்லாம் சுருங்கிய பிறகு வெட்டினேன். இடுப்பில் அகலமாகப் பட்டி வைத்தேன், நாடா சதையை அறுக்காது. நடந்தால் காலைத் தடுக்காமலும் உட்கார்ந்தால் இழுக்காமலும் இருக்க, துண்டு துண்டாகக் கீழ்நோக்கி அகலப்படுத்தி வெட்டிச் சேர்த்தேன். சேச்சி கட்டிக்கொண்டு அறைக்குள் முன்னும் பின்னும் நடந்தார். அடுத்த வாரம் தன் நாத்தனாரையும் நாத்தனாரின் ஓரகத்தியையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

அந்த வருஷமே முடிவு செய்துவிட்டேன், இனிமேல் இது ஒன்றுதான் என்று. என் வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. ரவிக்கை, கவுன் என்று தைத்தாலாவது வெளியே சொல்லிக்கொள்ளலாம், இதை எப்படி நாலு பேரிடம் சொல்வது என்றார். கூட வேலை பார்ப்பவர்கள் கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதுதான் அவர் கவலை. நீங்கள் ஓடை வாருவதை நான் யாரிடமும் மறைத்ததில்லையே என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டார். நல்ல மனுஷர்தான். ஆனால் தெருவில் நாலு பேர் சிரித்தால் சோறு இறங்காது அவருக்கு.

அடையாளம் ஒன்று வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான். கடைக்குப் பெயர் கிடையாது, போர்டு கிடையாது. எல்லாத் தையல்காரரும் வெள்ளை நாடாதான் கோர்ப்பார்கள். காலையில் எழுந்து குளித்து உடுத்தும்போது ஒரு பெண்ணின் கை முதலில் இழுத்துக் கட்டுவது அந்த நாடாவைத்தான். அது என் நாடாவாக இருந்தால், தினமும் காலையில் அவள் என்னை ஒரு தடவை நினைப்பாள். வேறு யார் கண்ணிலும் படாது, அவள் ஒருத்திக்குத் தெரிந்தால் போதும். எந்த நிறம் என்று யோசித்தபோது இவர் குறுக்கே வந்தார். சிவப்பு வைத்தால் ஒரு கட்சி என்பார்கள், பச்சை வைத்தால் இன்னொரு கட்சி, காவி வைத்தால் அது வேறு வம்பு, எலெக்‌ஷன் நேரம், வீணாக மாட்டிக்கொள்ளாதே என்றார். கேரளத்தில் அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. அதனால் எந்தக் கட்சிக் கொடியிலும் இல்லாத கத்தரிப்பூ நிறத்தை எடுத்தேன். பாவாடை என்ன நிறமாக இருந்தாலும் நாடா கத்தரிப்பூ நிறம்தான். அது சாயம் விடும் நிறம் என்பதால், வாங்கி வந்த நாடாவைக் கொதிக்கும் உப்புத் தண்ணீரில் போட்டு, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசிய பிறகே கோர்ப்பேன். அந்த வேலை இடுப்பை ஒடித்துவிடும். ஒரு தடவைகூட அதை விட்டதில்லை.

எண்பது பிறக்கும்போது எனக்கு மூச்சுவிட நேரமில்லை. தோப்பும்படியிலிருந்தும் வைப்பீனிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். கத்தரிப்பூ நாடா வீடு எது என்று கேட்டால் சுமை தூக்குபவர்கள்கூடக் கை காட்டினார்கள். யூதர் தெருவான ஜூ டவுனில் வெள்ளைக்காரர்களுக்குப் பழம்பொருள் விற்கும் கடைக்காரர்களின் வீட்டுப் பெண்கள், பஜாரில் குடோன் வைத்திருப்பவர்களின் வீட்டுப் பெண்கள் எல்லோரும் என் திரைக்குப் பின்னால் வந்து கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். எனக்குக் கர்வமாக இருந்தது. இருக்கக் கூடாதா?

நான் பாப்ளின் வாங்கியது பஜாரில் இருந்த ஒரு மொத்தத் துணிக்கடையில். மூன்று தலைமுறையாக நடக்கும் பெரிய கடை. நான் கட்டுக் கட்டாகத் துணி எடுப்பதைப் பார்த்து அதன் முதலாளி ஒருநாள் என் வாசலுக்கே வந்துவிட்டார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். மலையாளமும் தமிழும் கலந்து பேசினார்.

“நிங்கள் தைச்சா மதி, அது போதும். விக்கிறது நான் நோக்கிக்கிறேன். நம்ம கடை லேபிள் வெச்சு, வெள்ளை நாடா போட்டு, எத்தரை வேணாலும் எடுத்துக்கிறேன்.”

எத்தனை வேண்டுமானாலும் என்பது நல்ல பேச்சுதான். நாடா என்னுடையதாகவே இருக்கட்டும் என்றேன். அவர் சிரித்தார். ஒரு கயிற்றில் என்ன இருக்கிறது, என் கடைப் பெயர் சொன்னால் ஆலுவா வரைக்கும் சரக்குப் போகும், உன் நாடாவை யாருக்குத் தெரியும் என்றார். தெரியாத ஆளை வீடு தேடி எதற்கு வந்தீர்கள் என்று கேட்டுவிட்டேன். வாய் அடங்கவில்லை. ஸ்டூலிலிருந்து எழுந்து போனவர் அன்றைக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவர் வேலையிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அடுத்த ஓணத்துக்கு முன்பு அந்தக் கடையில் உள்பாவாடை வந்தது. ஊறப்போடாத துணி, ஒரே அளவு, யாரோ அவசரத்தில் அடித்த தையல். நாடா மட்டும் கத்தரிப்பூ நிறம். என் நாடாவை யாருக்குத் தெரியும் என்று கேட்ட மனுஷர் அதையேதான் எடுத்துக் கோர்த்திருந்தார்.

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரித்துப் பார்க்கிற பெண்ணுக்கு வித்தியாசம் தெரியாதா என்று நினைத்தேன். ஆனால் கடையில் உள்பாவாடையை யார் பிரித்துப் பார்க்கிறார்கள்? கவுண்டருக்கு அடியிலிருந்து எடுத்து, பேப்பரில் சுற்றி, முகம் பார்க்காமல் கொடுப்பார்கள். வாங்குகிறவளும் முகம் பார்க்காமல் பைக்குள் போட்டுக்கொண்டு வருவாள். நாடா நுனி வெளியே தெரிந்தால் போதும், என் வீட்டுத் தையல் இப்போது கடைக்கும் வருகிறது என்று நினைத்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஓணம் முடிந்த வாரம் அந்தத் துபாய்ச் சேச்சி என் வாசலில் வந்து நின்றார். கையில் சந்தன நிறச் சேலை. புருஷன் கடைசியாக வந்தபோது கொண்டு வந்தது. இடுப்புப் பக்கத்தில் கத்தரிப்பூச் சாயம் திட்டுத் திட்டாக இறங்கியிருந்தது. பாவாடையையும் கொண்டு வந்து மெஷின் மேல் போட்டார். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேதான் வந்தது அது.

“இது நீ தைச்சதுதானே? நாடா கண்டிட்டுதானே ஞான் வாங்கிச்சது. என்றெ சாரி போச்சே” என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அழுகிற குரலில் சொன்னார். நான் தைத்தது இல்லை என்று பட்டியைத் திருப்பித் தையலைக் காட்டினேன். அவருக்குப் புரிந்தது. ஆனால் தெருவில் இதற்குள் அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்? வேறு வேறு வீடுகளிலிருந்தும் அதே புகாரோடு வர ஆரம்பித்தார்கள். வராமலே நின்றுபோனவர்கள்தான் அதிகம். திரைக்குப் பின்னால் ஆள் நிற்காத நாட்கள் வந்தன. இத்தனை வருஷம் இடுப்பை ஒடித்துச் சேர்த்த பெயர் என் கண் முன்னால் போய்க்கொண்டிருந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை.

நாடாவின் நிறத்தை மாற்றிவிடு, நீலம் வைத்துக்கொள் என்றார் இவர். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். என் நாடாவை நான் எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்டேன். நீலம் வைத்தால் முதலாளியும் அடுத்த மாதம் நீலம் வைப்பார். அதற்குப் பிறகு நான் எந்த நிறத்துக்கு ஓடுவது?

உள்பாவாடையை எங்கள் பக்கத்தில் யாரும் வெளிச்சத்தில் காயப்போட மாட்டார்கள். வீட்டின் பின்பக்கம், கொடியில், மேலே ஒரு துண்டோ பழைய சேலையோ போர்த்தி, அதற்கு அடியில்தான் காயும். அதனால் பாதி நாள் ஈரம் போகாமல் நாறிக்கொண்டிருக்கும். எந்தச் சாதி, எந்த மதமானாலும் இதில் மட்டும் மட்டாஞ்சேரிப் பெண்கள் எல்லோரும் ஒன்று. நான் முன்வாசலில், ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்ச் சுவரின் ஆணி வரைக்கும் ஒரு கயிறு கட்டினேன். என் கையால் தைத்த வெள்ளைப் பாவாடை ஒன்று, அதே அளவில் அந்தக் கடையில் வாங்கிய வெள்ளைப் பாவாடை ஒன்று, இரண்டையும் ஒரே வாளியில் நனைத்துப் பிழிந்து தெருவைப் பார்த்துத் தொங்கவிட்டேன். கடைப் பாவாடையில் இடுப்பிலிருந்து கத்தரிப்பூச் சாயம் கோடு கோடாக இறங்கியது. காய்ந்தபோது என்னுடையதைவிட அது ஒரு சாண் குட்டை. மறுநாளும் நனைத்துத் தொங்கவிட்டேன். அதற்கடுத்த நாளும். ஏமாந்த பெண்கள் தாங்கள் வாங்கியதைக் கொண்டு வந்து கொடுத்தார்கள், அவற்றையும் கயிற்றில் சேர்த்தேன்.

தெரு அதிர்ந்துபோயிற்று. கைவண்டிக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். சிலர் குனியாமல் நன்றாகப் பார்த்துவிட்டுப் போய்த் திட்டினார்கள். மானம் கெட்டவள் என்று ஒரு பெரியவர் வாசலில் நின்று சொன்னார். உங்கள் வீட்டிலும் இதைத்தான் கட்டுகிறார்கள், அவர்கள் நல்லதாகப் பார்த்து வாங்கட்டும் என்றேன். பெண்கள் நின்று பார்த்தார்கள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு கிட்டே வந்து, இரண்டையும் கையில் பிடித்துச் சேர்த்து வைத்து அளந்தே பார்த்தார்கள். துணியைப் பிரித்துப் பார்க்க வெட்கப்பட்டவர்கள் நடுத்தெருவில் நின்று பட்டியைத் திருப்பித் தையலை ஆராய்ந்தார்கள். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

முதலாளி எனக்குத் துணி கொடுப்பதை நிறுத்தினார். பஜாரில் மற்ற கடைக்காரர்களையும் நிறுத்தவைத்தார். நான் போட் ஏறி எறணாகுளம் போய் வாங்கி வந்தேன். அடுத்ததாக, ஓடையில் இறங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்த இவரிடம் போய், எல்லோர் முன்னாலும், உன் வீட்டுப் பாவாடைதான் இந்த ஊருக்குக் கொடியா என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம். அன்றிலிருந்து இவருடைய கூட்டத்தில் இவருக்குப் பெயர் பாவாடைக் கொடி. அதைப் பொறுத்துக்கொண்டு மாதக்கணக்கில் பேசாமல் இருந்தார் என்பதை நான் சொல்லத்தான் வேண்டும்.

கடைசியில் முதலாளி வெள்ளை நாடாவுக்கு மாறினார். அவர் சரக்கு தேங்கிவிட்டது. பெண்கள் கவுண்டரிலேயே பிரித்துக் காட்டச் சொன்னார்களாம். என் திரைக்குப் பின்னால் மறுபடி ஆள் நின்றது. அந்த ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே இவர் சொன்னார்.

“சரி, ஜெயிச்சாச்சு. கயிற அவுத்துடு.”

கெட்டதையெல்லாம் அவிழ்த்துவிட்டேன், என் தையல் மட்டும் தொங்கட்டும் என்றேன். அவர் சோற்றில் கையை வைத்தபடி நிறுத்தினார்.

“ஆபீஸ்ல எல்லாரும் களியாக்கிச் சிரிக்கிறாங்க. எனக்கு மதியாச்சு, போதும். அந்தக் கயிறு இருக்குற வரைக்கும் நான் அந்த வாசல் வழியா எறங்க மாட்டேன்.”

“பின்வாசல் இருக்குல்ல. அது வழியாப் போங்க.”

சொன்ன பிறகு எனக்கே பயமாக இருந்தது. ஆனால் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. அவர் தப்பு செய்தவர் இல்லை, நானும் இல்லை. தப்பு செய்தவர் தன் கடையின் முன்வாசல் வழியாகத்தான் தினமும் போய் வந்துகொண்டிருந்தார். நான் மட்டும் எதற்கு என் சரக்கைத் துண்டுக்கு அடியில் ஒளித்து வைக்க வேண்டும்? மறுநாள் காலையிலிருந்து இவர் பின்பக்கம் இறங்கி, கோழிக்கூண்டைத் தாண்டி, அடுத்த வீட்டுச் சுவர் ஓரமாக நெருக்கிக்கொண்டு வேலைக்குப் போனார். வீட்டில் பேச்சு குறைந்தது. சாப்பாடு போடுவேன், சாப்பிடுவார். எனக்கு மனசு கனத்தது. கயிற்றை அவிழ்க்க ஒருநாளும் தோன்றவில்லை.

ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன்னால் ஓடைகளைச் சுத்தம் செய்வார்கள். அந்த வருஷம் எங்கள் சந்தின் ஓடைக்கு இவருடைய கூட்டமே வந்தது. நான் துணி வாங்க எறணாகுளம் போயிருந்தேன். திரும்பி வந்து படகுத்துறையில் இறங்கும்போதே வானம் இருட்டிவிட்டது. சந்து முனைக்கு வருவதற்குள் கொட்ட ஆரம்பித்தது. துணிக்கட்டு நனையாமல் இருக்க ஒரு குடோன் வாசலில் ஒதுங்கினேன். எதிரே எங்கள் வீடு தெரிந்தது. கயிற்றில், அன்றைக்குக் கொடுக்கவேண்டிய பாவாடைகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. கூட்டத்து ஆட்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஒரு கடையின் கூரைக்கு அடியில் ஓடி நின்றார்கள். இவரும் அவர்களோடு நின்றார்.

நான் இறங்கி ஓடலாமா என்று காலை எடுத்து வைத்தேன். அதற்குள் இவர் கூரையை விட்டு மழையில் இறங்கினார். சேற்றுக் கையைக் கொட்டுகிற மழையிலேயே நீட்டிக் கழுவினார். சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு கயிற்றிலிருந்து ஒவ்வொன்றாக, பட்டியைப் பிடித்து, நிதானமாக எடுத்துத் தோளில் போட்டார். கூரைக்கு அடியிலிருந்து யாரோ என்னவோ சொன்னார்கள், மற்றவர்கள் சிரித்தார்கள். இவர் திரும்பி அவர்களைப் பார்த்தார். கத்தரிப்பூ நாடாக்கள் நெஞ்சில் வழிந்து தொங்கின.

“எங்க கடைச் சரக்கு. இன்னிக்குக் கொடுக்க வேண்டியது” என்றார்.

சிரிப்பு நின்றதா இல்லையா என்று எனக்குத் தெரியாது, மழைச் சத்தத்தில் கேட்கவில்லை. எனக்குக் கண் மறைத்துவிட்டது. துணிக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி, அவர் பின்னாலேயே முன்வாசல் வழியாக உள்ளே போனேன். அவர் எல்லாவற்றையும் மெஷின் மேல் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல், கடுகடுவென்று பேசினார்.

“மேல ஒரு தகர ஷீட்டு போடணும். மழைக்காலம் பூரா தெனம் யாரு வந்து எடுக்குறது?”

அந்த ஞாயிற்றுக்கிழமையே போட்டார். முன்வாசலுக்கு மேல், கயிற்றின் நீளத்துக்கு, பாவாடை ஒன்றுகூட நனையாதபடி, தெருவில் போகிற எல்லோர் கண்ணிலும் படும்படி.